வளவுக்குள்ள ஒண்ணாம் நம்பர் வீடு

கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு வளவு தெரியும். ஒரே காம்பவுண்டு, எட்டுப் பத்து வீடு, எல்லாருக்கும் பொதுவாய் ஒரு தண்ணித்தொட்டி. உள்ளே 'ஒண்ணாம் நம்பர் வீட்டுக்காரம்மா' என்றால் யாரென்று விளங்கிவிடும். அதே வீட்டுக்குக் கரண்டு பில்லில் வேறு நம்பர். லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நேம்ஸ்பேஸும் (உள்ளே இருப்பவற்றுக்குத் தனிப் பெயர்ப் பட்டியல்) இதே சங்கதிதான்.

கோவையில் ஒரு கல்லூரி லேபில் எனக்கு அது தேவைப்பட்டது. மாணவர்களின் புரோகிராமை ஓட்டி மார்க் போட ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். எல்லாமே ஒரே யூசரில் ஓடும். ஒரு மத்தியானம் எல்லாருடைய புரோகிராமும், என் ஸ்கிரிப்டும் சேர்ந்து சட்டென்று படுத்துவிட்டன. ஒரு பையன் எழுதிய ஒரே வரி: கில் அழைப்பு (பிராசஸுக்கு, அதாவது ஓடுகிற புரோகிராமுக்கு, சிக்னல் அனுப்புவது), பிராசஸ் எண் மைனஸ் 1, சிக்னல் 9 (உடனே சாகடிப்பது).

"மைனஸ் ஒண்ணுன்னா சும்மா எர்ரர்தான் வரும்னு நெனச்சனுங்க சார்" என்றான்.

மைனஸ் 1 என்றால் அந்த யூசர் தொடமுடிந்த அத்தனை பிராசஸுக்கும் சிக்னல் போகும். லினக்ஸ் அனுப்பியவனையும் ஒன்றாம் எண் பிராசஸையும் மட்டும் விட்டுவிடும். அன்றைக்கு உயிரோடு இருந்தது அவன் புரோகிராம் மட்டும்!

இதற்கு மருந்து பிஐடி (பிராசஸ் எண்) நேம்ஸ்பேஸ். 2008இல் வந்த 2.6.24 கெர்னலிலிருந்தே (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) உண்டு. உள்ளே பிறக்கும் பிராசஸுக்குக் கெர்னல் இரண்டு எண் எழுதி வைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் 48213, உள்ளே 1. வெளியே ஓடுகிற மற்றவற்றுக்கோ உள்ளே எண்ணே கிடையாது. எண் இல்லாததற்குச் சிக்னல் அனுப்ப வழியில்லை. சுவர் எதுவும் எழுப்பவில்லை, பெயர்ப் பட்டியலைத்தான் சுருக்கியிருக்கிறது.

பைத்தான் 3.12இல், 2023இல், புது நேம்ஸ்பேஸைப் பிரித்துத் தரும் 'அன்ஷேர்' அழைப்பு ஓஎஸ் மாட்யூலுக்கே வந்துவிட்டது. அதற்கு முன் சிடைப்ஸ் (சி மொழி லைப்ரரியை அழைக்கும் மாட்யூல்) வழியாகச் சுற்றி வளைக்க வேண்டும். ஆவலாக அழைத்து என் எண்ணை அச்சிட்டேன்: பழைய எண்ணேதான். அரை மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் புரிந்தது, அழைத்தவன் இருந்த இடத்திலேயே இருப்பான், அடுத்து ஃபோர்க் செய்து பிறக்கும் பிள்ளை பிராசஸ்தான் புது வளவில் குடியேறும். ஃபோர்க் செய்தேன். 1 வந்தது.

ஆனாலும் பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டில் ஊர் பிராசஸ் எல்லாம் தெரிந்தது. அது படிப்பது, கெர்னல் பிராசஸ் விவரங்களைக் காட்டும் ப்ராக் ஃபோல்டரை. அங்கே இன்னும் பழைய மவுண்ட் (ஃபோல்டரில் பொருத்திய ஃபைல் சிஸ்டம்) இருந்தது. மவுண்ட் நேம்ஸ்பேஸையும் பிரித்து, மவுண்டுகளைப் பிரைவேட் ஆக்கி, அதன்பின் ப்ராக்கைப் புதிதாக மவுண்ட் செய்ய வேண்டும். நடுவில் உள்ளதை விட்டுவிட்டு ரூட்டாக ஓட்டினால் உள்ளே செய்த மவுண்ட் வெளியேயும் பரவிவிடும்.

ஒன்றாம் எண்ணுக்குத் தனிச் சலுகையும் உண்டு. தானாக ஹேண்ட்லர் (சிக்னலைக் கையாளும் ஃபங்ஷன்) வைத்தாலொழிய டெர்மினேட் சிக்னலைச் சட்டை செய்யாது. நேரம் முடிந்தால் வெளியிலிருந்து சிக்னல் 9தான். அது செத்தால் உள்ளே மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் கெர்னலே தீர்த்துக்கட்டிவிடும். லேபுக்கு இது வசதி.

தண்ணித்தொட்டி மட்டும் இன்னும் பொதுதான். ஒருத்தன் மெமரியை முழுசாக உறிஞ்சினால் நேம்ஸ்பேஸ் தடுக்காது; அளவு வைப்பது சி-குரூப் என்ற இன்னொரு கெர்னல் வசதியின் வேலை.

அடுத்த வாரம் அதே பையனைக் கூப்பிட்டு அதே வரியை ஓட்டச் சொன்னேன். உள்ளே ஒன்றாம் எண்ணும் அவனும்தான். மைனஸ் 1 அந்த இரண்டையுமே தொடாது. அப்படி ஒரு பிராசஸ் இல்லை என்று எர்ரர் வந்தது.

"நாந்தான் அன்னைக்கே சொன்னனுங்களே சார்" என்றான்.