பாலப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் நாம் எதை அளக்கிறோம்?

பாலங்களைப் பராமரிக்கத் தனியாருக்குக் கொடுக்கும் ஒப்பந்தங்களைப் படிப்பது என் வேலையின் ஒரு பகுதி. பலவற்றில் முதலில் கண்ணில் படுவது மேல்தளம்தான். குழி இத்தனை மணி நேரத்துக்குள் அடைபட வேண்டும், கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கக் கூடாது, விளக்கு எரிய வேண்டும். இவை தேவைதான். ஆனால் பாலத்தைச் சாய்க்கும் கேடு பெரும்பாலும் வண்டியில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் தொடங்குகிறது.

பழைய முறையில் இத்தனை கன மீட்டர் கான்கிரீட், இத்தனை கிலோ கம்பி என்று செய்த வேலையை அளந்து பில் போடுவார்கள். செயல்திறன் ஒப்பந்தத்தில் பல ஆண்டுகளுக்கு மாதாமாதம் ஒரே தொகை. பாலம் சொன்ன நிலையில் இருந்தால் முழுப் பணம், இல்லாவிட்டால் பிடித்தம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1988-லேயே சாலை, பாலப் பராமரிப்பைத் தனியாரிடம் விட்டது. அர்ஜென்டினாவும் நியூசிலாந்தும் 1990-களில் சாலைகளைச் செயல்திறன் ஒப்பந்தங்களில் கொடுக்கத் தொடங்கின. சாலைக்கு இந்த முறை நன்றாகவே பொருந்துகிறது. தளத்தின் மேடுபள்ளத்தைக் கருவி பொருத்திய வண்டியை ஓட்டியே அளந்துவிடலாம்.

பாலம் மெதுவாகக் கெடும். வடிகால் குழாய் அடைபடுகிறது. தேங்கிய நீர் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் (வெயிலில் தளம் விரிந்து சுருங்க விட்ட இடைவெளி) வழியே கசிந்து, தளத்தைத் தூணின் மேல் தாங்கும் பேரிங்கிலும் தூண் தலைப்பிலும் (தூணின் உச்சிப் பகுதி) இறங்குகிறது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் பெயர்ந்து விழப் பல ஆண்டுகள் ஆகலாம். ஒப்பந்தமோ ஐந்து ஆண்டில் முடிந்துவிடும். ஜாயிண்டைக் கவனிக்காமல் மிச்சம் பிடித்த பணம் இப்போதைய ஒப்பந்ததாரருக்கு, செலவு அடுத்து வருபவருக்கு. இதில் ஒப்பந்ததாரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் செய்வார்.

நீருக்கடியில் நடப்பது இன்னும் மோசம். நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹரி ஓடைப் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று வெள்ளத்தில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். தூணின் அடித்தளத்துக்குக் கீழே மண் அரித்துப் போயிருந்தது. அந்தப் பாலத்துக்கு ஆய்வுகள் ஒழுங்காக நடந்துதான் வந்தன. ஆனால் தண்ணீருக்குள் இறங்கி ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்குப் பெரிய கவலை, அளப்பவர் யார் என்பதில்தான். இத்தாலியின் ஜெனோவாவில் 2018 ஆகஸ்ட் 14 அன்று மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் உயிரிழந்தார்கள். அந்த நெடுஞ்சாலையை நீண்டகால உரிமையில் நடத்திய நிறுவனமும், பாலத்தைக் கண்காணித்த நிறுவனமும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. பாலத்தின் தாங்கு கம்பிகள் கான்கிரீட்டுக்குள் மூடப்பட்டு, வெளியே தெரியாமல் இருந்தன. அது செயல்திறன் ஒப்பந்தம் அல்ல. ஆனாலும் கெட்டதைச் சொல்ல வேண்டியவரும் அதைச் சரிசெய்யச் செலவழிக்க வேண்டியவரும் ஒரே வீட்டுக்காரராக இருந்தால் என்ன ஆபத்து என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெடிப்பு கண்டால் பிடித்தம் என்று எழுதினால் வெடிப்பு குறையாது, அதைப் பற்றிய தகவல்தான் குறையும். ஆய்வுக்குச் சற்று முன் தூண் தலைப்பின் வெடிப்புகள் மேல் சிமென்ட் பால் பூசி வைத்திருந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். குறையை முதலில் தெரிவிப்பவருக்குத் தண்டம் இருக்கக் கூடாது. தெரிவித்த பின் தள்ளிப்போட்டால் தண்டம், மறைத்தால் பெருந்தண்டம் என்று இருக்கட்டும்.

கையெழுத்துக்கு முன்பே ஒவ்வொரு பேரிங், ஜாயிண்ட், தூணின் நிலையைப் படத்தோடு பதிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து ஆண்டு கழித்து, "இது முன்பே இருந்தது" என்ற வாதத்துக்கு நம்மிடம் பதில் இருக்காது. மழைக்கு முன் வடிகால் சுத்தம், ஜாயிண்டில் கசிவின்மை, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் ஆற்றுப்படுகை மட்டம் ஆகியவை அளவுகோலில் இடம்பெற வேண்டும். நிலநடுக்கம், பெருவெள்ளம் போன்றவற்றை மாதத் தொகைக்குள் திணிக்காமல் தனி விலையில் வைப்பது நல்லது. திணித்தால் டெண்டரில் விலை ஏறும், அல்லது நாளை தகராறு வரும். கடைசித் தவணையின் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஒப்படைக்கும் நாளில் மீண்டும் ஆய்வு செய்த பிறகே கொடுக்க வேண்டும்.

ஆய்வாளரை நியமிப்பதும் அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் பாலத்தின் உரிமையாளரான அரசுத் துறையாக இருக்க வேண்டும். அந்த அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த பொறியாளர்கள் துறைக்குள்ளேயே வேண்டும். வேலையை வெளியே கொடுத்தாயிற்று என்று அந்தப் பணியிடங்களையும் சேர்த்து ஒழிப்பதுதான் இந்த முறையில் நான் கண்ட ஆகப் பெரிய தவறு.