படுக்கவைத்த கிணறு

கிணற்று நீரை மேலே கொண்டுவர ஏற்றமோ கவலையோ மோட்டாரோ வேண்டும் என்றே நாம் பழகியிருக்கிறோம். இவை எதுவும் இல்லாமல், ஆழத்து நீர் தானாகவே நடந்து வயலுக்கு வரும் ஓர் ஏற்பாட்டை ஈரானியப் பீடபூமியின் மக்கள் 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே செய்துவைத்தார்கள். அதை அரபு மொழியில் கனாத் என்றும் பாரசீகத்தில் காரீஸ் என்றும் சொல்வார்கள். நிலத்தடி நீரைத் தொடும் ஒரு கிணற்றைப் படுக்கவைத்து, அதன் வாயைப் பள்ளத்துப் பக்கம் திறந்துவிட்டதாகக் கற்பனை செய்தால் கனாத்தின் பாதி புரிந்துவிடும்.

மலைகளிலிருந்து வெள்ளம் உருட்டிவந்த சரளையும் மணலும் அடிவாரத்தில் விசிறி விரித்ததுபோல் பரவிக் கிடக்கின்றன. மழைநீரும் பனி உருகிய நீரும் அதற்குள் இறங்கித் தங்குகின்றன. அங்கே நீர் காணும் வரை தோண்டுவதுதான் தாய்க்கிணறு. அதன் ஆழம் 45 மீட்டர் என்றும், தரை ஒரு கிலோமீட்டருக்கு 10 மீட்டர் சரிகிறது என்றும் கொள்வோம். கிணற்றின் அடியிலிருந்து கிலோமீட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே சரியும் சுரங்கம் ஒன்றை வெட்டினால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தரை சுரங்கத்தை 9 மீட்டர் நெருங்கி வருகிறது. ஐந்தாவது கிலோமீட்டரில் சுரங்கம் வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது. நீர் மேலே ஏறவே இல்லை, தரைதான் அதனிடம் இறங்கி வந்திருக்கிறது.

கணக்கு எளிது; நிலத்தில் அளப்பதுதான் கடினம். பழைய முறையில் இதற்கு ஒரு கயிறு போதும். தாய்க்கிணற்றின் நீர்ப்பரப்பைத் தொடும்வரை கயிற்றை இறக்கி, தரைமட்டத்தில் அடையாளம் இடுவார்கள். பிறகு சரிவில் சிறிது தூரம் இறங்கி, அளவுகோலை நட்டு, மட்டம் பார்த்து, அதுவரை தரை எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவைக் கயிற்றில் கழிப்பார்கள். இப்படியே கழித்துக்கொண்டு போய்க் கயிறு முழுவதும் தீரும் இடமே கிணற்று நீரின் மட்டத்தில் உள்ள இடம். வாட்டத்துக்காக அதற்கும் சற்றுத் தாழ்வாக வாயை அமைப்பார்கள். கராஜி என்ற கணித அறிஞர் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கான மட்டக் கருவிகளை விளக்கி நூலே எழுதினார்.

வெட்டு வேலை வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போகும்; அப்போதுதான் ஊறும் நீர் வெட்டுபவரின் காலடியில் தேங்காமல் பின்னால் வழிந்துவிடும். இந்தத் தொழிலாளிக்கு முகன்னி என்று பெயர். ஒரு ஆள் குனிந்து போகும் அளவுள்ள சுரங்கத்தில், பின்னால் இரண்டு எண்ணெய் விளக்குகளை வைத்து, இரண்டும் ஒரே கோட்டில் தெரிகின்றனவா என்று திரும்பிப் பார்த்தே அவர் நேராக வெட்டுவார். அதே சுடர் மங்கினால் காற்று கெட்டுவிட்டது என்று பொருள். உடனே வெளியேற வேண்டும். காற்றுக்காகவும் மண்ணை மேலே ஏற்றவும் வழி நெடுகச் செங்குத்துக் குழிகள் உண்டு. அள்ளிய மண்ணை அவற்றின் வாயைச் சுற்றியே கொட்டுவதால், வானிலிருந்து பார்த்தால் குழியானை மணலில் வரிசையாகக் குழி பறித்ததுபோல் இருக்கும். அந்த மண்வரம்பு வெள்ளம் உள்ளே பாய்வதையும் தடுக்கிறது. மண் இளகிய இடங்களில் சுட்ட களிமண் வளையங்களை இறக்கிச் சுரங்கத்தைத் தாங்கவைப்பார்கள்.

வாட்டம் ஏன் இவ்வளவு குறைவாக இருக்க வேண்டும்? சரிவு கூடினால் நீர் வேகம் பிடித்து அடியை அரித்துச் சுரங்கத்தைச் சரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும்.

இதன் மதிப்பை அரசர்கள் அறிந்திருந்தார்கள். வறண்ட நிலத்துக்கு நீர் கொண்டுவருபவருக்கு ஐந்து தலைமுறைக்கு அந்த நிலத்தின் பயனைப் பாரசீக அரசு அளித்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கிறார். செலூக்கிய அரசர் மூன்றாம் ஆன்டியோக்கஸ் படையுடன் பாலைவனத்தைக் கடக்க வந்தபோது, பார்த்திய அரசர் அர்சாகஸின் ஆட்கள் இக்கிணறுகளைப் பாழாக்க முயன்றதையும் அவரே சொல்கிறார்.

வெளியே வந்த நீரைப் பங்கிடுவதற்கு ஒரு கிண்ணம் கடிகாரமானது. அடியில் சிறு துளையுள்ள செம்புக் கிண்ணத்தைப் பெரிய பாத்திரத்து நீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை ஒரு பங்காகக் கணக்கிட்டார்கள். சங்க இலக்கியத்தின் குறுநீர்க் கன்னலும் நீரைக் கொண்டு நேரம் காட்டியதுதான் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கனாத்துக்குக் குறையும் உண்டு: பொதுவாக அதை மூட முடியாது. பயிர் இல்லாத குளிர்காலத்திலும் இரவிலும் நீர் ஓடிக்கொண்டே இருக்கும்; ஆகையால் சில ஊர்களில் அதைத் தொட்டிகளில் பிடித்துவைத்தார்கள். ஆனால் ஒரு விதத்தில் இதுவே அதன் காப்பு. ஈர்ப்பு விசை தருவதற்கு மேல் ஒரு குடம்கூட எடுக்க வழியில்லை. நீர்மட்டம் தாழ்ந்தால் சுரங்கத்தின் நனைந்த பகுதி குறைந்து, ஓட்டமும் தானே குறையும்.

யுனெஸ்கோ 2016இல் 11 பாரசீகக் கனாத்துகளை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. அவற்றுள் கோனாபாதின் கனாத் சுமார் 33 கிலோமீட்டர் நீளமானது. பட்டியலில் இடம்பெறாத பல சுரங்கங்கள் 20ஆம் நூற்றாண்டில் ஆழ்துளைக் கிணறுகளும் மோட்டாரும் வந்தபின் வறண்டன. நீர்மட்டம் தாழும்போதெல்லாம் முகன்னிகள் தாய்க்கிணற்றைத் தாண்டி மலைப்பக்கமாக மேலும் வெட்டிச் சமாளித்தார்கள்; பக்கத்து வயலின் மோட்டாரோ அதைவிட வேகமாக நீரைக் கீழே இழுத்தது. தாய்க்கிணற்றின் அடியைவிட நீர் ஒரு சாண் கீழே போய்விட்டால், கிலோமீட்டர் கணக்கில் வெட்டிய சுரங்கத்துக்கு ஒரு துளியும் வராது.