பல்லில் அடைப்பு எப்படி ஒட்டுகிறது?

முறிந்த எலும்பை உடல் தானே கூட்டிக்கொள்கிறது. பல்லின் மேலுறையான எனாமலுக்கு அந்த வாய்ப்பு இல்லை; அதை உருவாக்கிய செல்கள், பல் ஈறைத் துளைத்து வெளிவரும் காலத்திலேயே மடிந்துவிடுகின்றன. சொத்தையின் தொடக்கத்தில் எனாமல் இழந்த தாதுக்களை உமிழ்நீரும் ஃபுளோரைடும் ஓரளவு மீட்டுத்தரும். ஆனால், குழி விழுந்துவிட்டால் அதை மருத்துவர்தான் அடைக்க வேண்டும்.

நெடுங்காலம் அதற்குப் பயன்பட்டது வெள்ளி அடைப்பு. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியோடு ஏறக்குறைய சம எடைப் பாதரசத்தைக் கலந்து செய்யும் அந்தக் கலவை உறுதியானது, பல்லாண்டு உழைப்பது. ஆயினும் அது தானாகப் பல்லில் ஒட்டுவதில்லை. அது கழன்று விழாதிருக்க, குழியின் வாயைவிட அடிப்பகுதி அகலமாக இருக்கும்படி குடைய வேண்டியிருந்தது. சொத்தையோடு நல்ல பல்லும் சேர்ந்து போயிற்று என்பதே அதன் பெருங்குறை.

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்கப் பல் மருத்துவரான மைக்கேல் புவோனகோர். பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் உலோகப் பரப்பைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்துவதை அறிந்திருந்த அவர், அதே அமிலத்தை எனாமலில் 30 விநாடிகள் தடவிப் பார்த்து, அதன் பின் பிசின் வலுவாகப் பற்றிக்கொள்வதை 1955இல் வெளியிட்டார். அமிலம் எனாமலின் தாதுக்களைச் சிறிதளவு கரைத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்குகிறது. அவற்றுக்குள் வழிந்து இறுகும் பிசின், மண்ணில் இறங்கிய வேர்போலப் பிடித்துக்கொள்கிறது. பல் மருத்துவத்தில் இதைவிடப் பெரிய திருப்பம் அரிது என்றே நான் கருதுகிறேன்.

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. அதில் கொலாஜன் என்னும் புரத இழைகளும் ஈரமும் மிகுதி. அமிலம் பட்டபின் அதை அளவுக்கு மீறி உலர்த்தினால் இழைகள் சரிந்து ஒன்றோடொன்று படிந்துவிடும், பிசின் உள்ளே நுழைய இடமிராது; ஈரம் மிகுந்தாலும் ஒட்டு வலுவிழக்கும். உமிழ்நீர் படாதபடி மருத்துவர் பஞ்சு வைத்தும் ரப்பர் விரிப்பு கட்டியும் காப்பது வீண் சிரத்தையன்று.

பிறகு, பல்லின் நிறத்திலேயே உள்ள காம்போசிட் பசையை வைத்து நீல ஒளி பாய்ச்சுகிறார்கள். ஒளியை ஏற்கும் வேதிப்பொருள் வினையைத் தூண்ட, சிறு மூலக்கூறுகள் சங்கிலிகளாய்க் கோத்துச் சில விநாடிகளில் இறுகுகின்றன. அப்படி இறுகும்போது பசை சற்றே சுருங்கும். பெரிய குழியை ஒரே மூச்சில் நிரப்பினால் ஓரத்தில் இடைவெளி விழுந்து கிருமிகள் புகக்கூடும் என்பதாலும், ஒளி ஆழம்வரை எட்டாது என்பதாலும், வழக்கமான பசையைச் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைக்கிறார்கள்.

சொத்தை பல்லின் உள்ளே நரம்புகள் உள்ள பற்கூழை எட்டி, வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் அடைப்பு மட்டும் போதாது. நடுப்பகுதியை இழந்த அதன் முகடுகள் ஒவ்வொரு கடிக்கும் வெளிப்புறமாக விரிந்து ஒருநாள் பிளந்துவிடக்கூடும். வண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டை இறுக்கிக் காப்பதுபோல, அவற்றைச் சுற்றிக் காப்பதுதான் பல்லின் மேல் உறைபோல மாட்டும் கேப்பின் வேலை. கேப் போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் தேய்த்தாக வேண்டும். சுவர்கள் போதிய அளவு மிஞ்சியிருக்கும் பல்லில், முகடுகளை மட்டும் மூடும் பீங்கான் வில்லையைப் பிசினால் ஒட்டியே அந்தத் தேய்ப்பைப் பெருமளவு தவிர்த்துவிட முடிகிறது.