வீட்டை எழுதிக் கொடுக்கும் முன் பத்திரத்தில் எழுத வேண்டிய ஒரு வரி

அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆச்சி, தாத்தா தவறிய மறுவருஷமே வீட்டை மகன் பேருக்கு செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டார். நகலை வாங்கிப் படித்தேன். "உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று இருந்தது. ஆச்சிக்கு யார் சோறு போடுவது, கடைசிவரை அந்த வீட்டில் இருக்கலாமா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இப்போது ஒரு மஞ்சப்பையில் மருந்துச் சீட்டும் அந்த நகலும் வைத்துக்கொண்டு மகள் வீட்டில் இருக்கிறார்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க 23-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. சிக்கலே அந்த நிபந்தனையில்தான். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியோருக்குச் சாதகமாக இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. வழக்காடி ஜெயிக்கலாம்தான். ஆனால் எழுபது வயதில் அந்த அலைச்சல் எதற்கு? "என் ஆயுள்வரை உணவு, இருப்பிடம், மருத்துவம் தந்து பராமரிக்க வேண்டும், தவறினால் ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு" என்று பத்திர எழுத்தரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, அந்த வரி இல்லாமல் எழுதிக் கொடுத்தாயிற்று என்றால்? மாதப் பராமரிப்புத் தொகை கேட்க அந்த வரி தேவையே இல்லை. மகன், மகள், வயது வந்த பேரன் பேத்தி யாரிடமும் கேட்கலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாக அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம். உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். நெல்லை, பாளையங்கோட்டை, மானூர்க்காரர்கள் திருநெல்வேலி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்திலும், அம்பை, நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்தார் சேரன்மகாதேவி சப்-கலெக்டர் அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம். நடக்க முடியாதவருக்காக வேறொருவர் கொடுக்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம்.

"பெத்த புள்ள மேலயே மனு குடுக்கச் சொல்லுதியே" என்று ஆச்சி கேட்டார். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் மனு கொடுத்ததும் யாரையும் பிடித்து உள்ளே வைத்துவிட மாட்டார்கள். விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பலாம், அவர் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார். பல வீடுகளில் இப்படி ஒரு பெரிய மனுஷர் இல்லாததுதான் குறை.

அப்புறம், ஆதரவற்ற முதியோருக்கு அரசு தரும் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய், அதற்குத் தாலுகா அலுவலகம் போக வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம், கட்டணம் கிடையாது. ஆச்சியின் மஞ்சப்பைக்குள் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.