வாளை, விரால்: சொல் விளக்கம்

நன்னீர்ச் சுறா, பாம்புத்தலை மீன் என்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த இரண்டு பெயர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். இரண்டுமே தேவையில்லாதவை. முதலாவது வாளை (வாலாகோ அட்டு), இரண்டாவது விரால் (சன்னா ஸ்ட்ரயேட்டா). மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும் பெருமீன்களான இவற்றுக்குக் காவிரிக் கரையில் பழைய பெயர்களே வழக்கில் உள்ளன.

வாளையை வாளோடு சேர்த்துப் பொருள் சொல்வார்கள். உடலைப் பார்த்தால் பொருத்தம்தான்: பக்கவாட்டில் தட்டை, செதில் கிடையாது, வெள்ளிப் பளபளப்பு. முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. அடித்துடுப்பு வால்வரை நீளும். வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் போகும். உள்ளே ஊசிப் பற்கள் பட்டையாக, பின்பக்கம் சாய்ந்து நிற்பதால் கவ்விய இரை வழுவாது. மாமரத்திலிருந்து வயலில் விழும் பழத்தைப் ‘பழன வாளை கதூஉம்’ (கவ்வும்) என்கிறது குறுந்தொகை 8. இந்த வாய்க்குக் கதுவுதல் என்பதைவிடச் சரியான வினை கிடையாது. சுறா என்ற பெயரும் இதற்குப் பொருந்தாது: சுறாவின் எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பு. வாளையோ முள்ளெலும்புள்ள கெளுத்தி இனம்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் வாளை என்றால் சாவாளை, முள்ளுவாளை போன்ற கடல்மீன்களைத்தான் நினைப்பார்கள். அங்கே ஆற்று வாளை என்று சொல்வதே தெளிவு.

விராலின் பழைய வடிவம் வரால். அகநானூறு 196-இல் ‘மோட்டிரு வராஅல்’ என்று அளபெடையோடு வருகிறது. தொடர்ந்து ‘துடிக்கண் கொழுங்குறை’, அதாவது துடி என்னும் சிறு பறையின் முகம் போன்ற கொழுத்த துண்டம். உருண்டை உடலுள்ள விராலைக் குறுக்கே வெட்டினால் துண்டு வட்டமாகத்தான் விழும். தட்டையான வாளையை வெட்டினால் அப்படி வராது. பாடியவர் மீனை அறிந்தவர். விராலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் மரல் என்ற பெயரைத் தமிழில் முரல் என்று எழுதுவது பிழை. முரல் என்பது நீண்ட அலகுள்ள கடல்மீன். கொரவையும் விரால் குஞ்சு அல்ல, அதே குடும்பத்தில் வேறு இனம். விராலுக்குச் செதில் உண்டு. செதிலில்லாத மீனை விரால் என்று விற்றால் வாங்க வேண்டாம்.

அளவில் வாளையே பெரியது. இரண்டு மீட்டரைத் தாண்டியும் பதிவாகியுள்ளது. விரால் அதிகம் போனால் ஒரு மீட்டர். பிழைக்கும் திறனில் விரால்தான் மேல். செவுளுக்கு மேலுள்ள தனி உறுப்பால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறக்கும்வரை, வற்றும் குளத்தின் ஈரச் சேற்றுக்குள் விரால் தாக்குப்பிடிக்கும். வாளைக்கு ஆற்று மடு வேண்டும். விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும், வாளை காக்காது.

கெண்டைக் குஞ்சு விடுகிறவர்கள் குளத்தை இறைத்துவிட்டால் போதும் என்று நம்பி ஏமாறுவதும் இதனால்தான்: சேற்றில் தங்கிய விரால் புதுத்தண்ணீர் வந்ததும் எழுந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். குளத்தை அடிமண் வெடிக்கும்வரை காயவிட வேண்டும். முடியாவிட்டால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஏக்கருக்குச் சுமார் 1,000 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துவிடலாம். அதன் நஞ்சு அடங்க 15 முதல் 20 நாள் ஆகும். அதற்குமுன் குஞ்சு விட்டால் அவையும் சாகும்.