கைகளால் ஆடும் வீடியோ கேம்: இதயத்துக்கு எட்டுகிறதா?

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவருக்கு உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் கைகளின் வேலைதான். தொடைத் தசைகளோடு ஒப்பிட்டால் கைத்தசைகள் சிறியவை என்பதால், இதயத்துக்குப் போதிய வேலை கிடைப்பதற்கு முன்பே கைகள் ஓய்ந்துவிடுகின்றன. கெண்டைக்கால் தசைகள் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுவதும் நின்றுபோவதால், இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறைகிறது. இவற்றோடு சலிப்பும் சேர்ந்துகொள்ளும். சுவரைப் பார்த்தபடி ஒரு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க யாருக்குத்தான் பிடிக்கும்? உடலசைவால் ஆடும் வீடியோ கேம்கள்மீது மறுவாழ்வு மருத்துவர்களின் கவனம் திரும்பியது இதனால்தான்.

2006-இல் வெளியான நின்டெண்டோ வீ கருவியின் கைப்பிடிக்குள் முடுக்கமானி என்ற, அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் உணரி இருந்தது. குத்துச்சண்டை விளையாட்டில் அது அறிவதெல்லாம் கைப்பிடியின் அசைவையும் சாய்வையும் மட்டுமே. தோளிலிருந்து முழுக் கையையும் வீசிக் குத்தினாரா, மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று அசைத்தாரா என்பதை அது சரிவரப் பிரித்தறியாது. சோம்பலுக்கும் புள்ளி கிடைத்துவிடும். 2010-இல் வந்த, ஆடுபவரின் உடலசைவைப் பார்த்து ஆட்டத்தை நடத்தும் கினெக்ட் கேமராவின் சிக்கல் வேறு வகை. அது நிற்கும் உடலையே பெரிதும் எதிர்பார்த்தது. மேலுடலின் 10 புள்ளிகளை மட்டும் பின்தொடரும் உட்கார்ந்த நிலை வசதி, கணினிக்கான அதன் மென்பொருளில் 2012-இல்தான் சேர்ந்தது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் இவற்றுக்கு முன்பே உருவான கேம்வீல்ஸ் என்ற அமைப்பு, என் பார்வையில், இன்னும் நேர்மையானது. சக்கர நாற்காலியை உருளைகள்மீது ஏற்றி நிறுத்தி, சக்கரங்களைத் தள்ளுவதாலேயே திரையில் விளையாட்டை நடத்தும்படி அது அமைக்கப்பட்டது. உருளையைச் சுழற்றாமல் ஆட்டம் நகராது என்பதால், அங்கே ஏய்க்க வழியில்லை.

ஆயினும் ஒரே விளையாட்டு எல்லோருடைய இதயத்தையும் ஒரே அளவில் விரட்டுவதில்லை. இதயத் துடிப்பை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகள் மார்புப் பகுதித் தண்டுவடத்தின் மேற்பாதியிலிருந்து கிளம்புகின்றன. காயம் கழுத்தில் முழுமையாக ஏற்பட்டிருந்தால் மூளையின் கட்டளை அவற்றைச் சென்றடையாது. எவ்வளவு முயன்றாலும் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 முதல் 130-க்குள் நின்றுவிடுவது வழக்கம். ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட, மூச்சு எவ்வளவு வாங்குகிறது, உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதே நம்பத்தக்க அளவுகோல். தண்டுவடக் காயமுற்றோருக்காக 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், உடல்திறனுக்காக வாரம் இருமுறை குறைந்தது 20 நிமிட மிதமான அல்லது கடுமையான பயிற்சியையும், அதோடு தசை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது.

காயத்துக்குக் கீழே வியர்வை சரிவரச் சுரக்காது என்பதால் மின்விசிறியும் குடிநீரும் அருகில் இருக்க வேண்டும். மார்புப் பகுதித் தண்டுவடத்தின் 6-வது நிலையிலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்கு, ஆட்டத்தின் நடுவே கடும் தலைவலியும் முகச் சிவப்பும் தோன்றினால், நிரம்பிய சிறுநீர்ப்பை இரத்த அழுத்தத்தை அபாயமாக ஏற்றியிருக்கக்கூடும். உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, இறுக்கமான உடையைத் தளர்த்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அப்போதும் தணியாவிட்டால் மருத்துவ உதவி அவசரமாகத் தேவை.

அதிகம் பேசப்படாதது தோள்பட்டை. நாற்காலியைத் தள்ளுவதும், படுக்கைக்கு மாறுவதும் அதே மூட்டை நம்பியே நடக்கின்றன. குத்துச்சண்டை விளையாட்டும் கையை முன்னோக்கியே தள்ளுவதால், ஏற்கெனவே களைத்த தசைகளுக்கு மேலும் சுமை கூடுகிறது. அதனால் துடுப்பு வலிப்பதைப் போலப் பின்னோக்கி இழுக்கும் ஆட்டங்களையோ, ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுக்கும் பயிற்சியையோ இடையிடையே சேர்த்துக்கொள்வது நல்லது.