சரணாலய நகரம் அன்று, அடைக்கல நகரம்

ஆவணமற்ற குடிவரவாளரைப் பிடிக்க மத்திய அதிகாரிகளுக்கு உதவ மறுக்கும் நகரத்தை அமெரிக்காவில் 'சேங்சுவரி சிட்டி' என்பார்கள். அதற்குப் பெயர்ப்பாக, அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தமிழில் தருவோரிடம் 'சரணாலய நகரம்' என்றொரு தொடர் ஒட்டிக்கொண்டுவிட்டது. "இந்த வேட்பாளர் மேயராக இருந்தபோது சரணாலய நகரக் கொள்கையை ஆதரித்தாரா?" என்று தொலைக்காட்சி விவாதமொன்றில் நெறியாளர் கேட்டபோது, அருகிலிருந்த என் பெரியப்பா, அந்த ஊரில் பறவைகளைச் சுடுவதற்குத் தடை போலும் என்று தம் போக்கில் பொருள் செய்துகொண்டார். பிழை அவருடையதன்று. வேடந்தாங்கலையும் கோடியக்கரையையும் அறிந்த எவருக்கும் அச்சொல் அப்படித்தான் பொருள்படும்.

மூலச்சொல்லின் வரலாறு சுருக்கமானது. 'புனிதமானது' என்னும் பொருளுடைய லத்தீன் அடியிலிருந்து பிறந்த சேங்சுவரி என்னும் சொல் முதலில் கோயிலின் புனிதப் பகுதியைக் குறித்தது. இடைக்கால இங்கிலாந்தில், தேவாலயத்துக்குள் ஓடி நுழைந்த குற்றவாளியை நாற்பது நாள் வரை காவலர் தொட முடியாது என்ற வழக்கத்தால் அது அபயம் தரும் இடத்தைக் குறிக்கலாயிற்று. 1982இல் அரிசோனாவின் டூசான் நகரத் தேவாலயமொன்று எல் சால்வடோர், குவாத்தமாலா அகதிகளுக்குக் கதவைத் திறந்து, அதை வெளிப்படையாக அறிவித்தது. அந்த இயக்கத்திலிருந்தே இச்சொல் நகராட்சி அரசியலில் வேரூன்றியது.

சரண் என்பதும் ஆலயம் என்பதும் சேர்ந்தது சரணாலயம் என்பதால், உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் பெயர்ப்பில் குறையேதும் இல்லை. வடசொல் என்பதற்காக அதை நான் விலக்கவுமில்லை. தமிழில் அது அரைநூற்றாண்டுக்கும் மேலாக விலங்குக்கும் பறவைக்கும் உரிய சொல்லாகிவிட்டது. மனிதரை அதற்குள் அடைப்பது பொருளையும் கெடுக்கும், அம்மனிதரையும் சிறுமைப்படுத்தும்.

இதை உணர்ந்த சிலர் 'புகலிட நகரம்' என்று எழுதுகிறார்கள். நல்ல தமிழ்தானே என்று பலர் மகிழ்வதால், இதன்மேல்தான் எனக்குக் கூடுதல் சினம். புகலிடம் என்பது இன்று பொத்தாம்பொதுவான சொல்லன்று. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றோர் வாழ்வில் 'புகலிடக் கோரிக்கை' என்பது விண்ணப்பம், விசாரணை, நிராகரிப்பு, மேல்முறையீடு எல்லாம் அடங்கிய சட்டச்சொல். ஓர் அரசு ஒருவருக்கு வழங்கும் அல்லது மறுக்கும் உரிமையின் பெயர். அமெரிக்காவில் அந்த உரிமையை வழங்கக்கூடியது மத்திய அரசு மட்டுமே. எந்த நகராட்சிக்கும் அந்த அதிகாரம் இல்லை. 'சிகாகோ ஒரு புகலிட நகரம்' என்று எழுதினால், சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தால் தங்கும் உரிமை கிடைக்கும் என்று ஒரு வாசகர் நம்பக்கூடும். அவ்வாறு நம்பி ஒருவர் பயணத்தைத் தொடங்கிவிட்டால், அந்தப் பெயர்ப்பு வெறும் அழகியல் பிழையாக நிற்காது.

அப்படியானால் அந்நகரங்கள் செய்வதுதான் என்ன? மத்தியக் குடிவரவு அதிகாரிகளின் வேலையைத் தம் காவலர் செய்யமாட்டார்கள் என்கின்றன, அவ்வளவே. விடுதலையாக வேண்டிய கைதியை 48 மணிநேரம் கூடுதலாகப் பிடித்துவைக்குமாறு மத்திய அதிகாரிகள் கோரினால், நீதிபதியின் ஆணை இல்லை என்று சொல்லி மறுக்கின்றன. அதே கைதியை மத்திய அதிகாரி தெருவில் வந்து கைது செய்தால் நகராட்சியால் தடுக்க இயலாது. இதனாலேயே நண்பர் ஒருவர் 'ஒத்துழையா நகரம்' என்று வைக்கலாம் என்றார். செயலைத் துல்லியமாகச் சொல்லும் பெயர்தான். ஆனால் மூலச்சொல் ஒரு தரப்புக்குக் கொடியாகவும் மறுதரப்புக்கு வசையாகவும் பயன்படுவது. அந்தச் சூட்டை ஆற்றிவிட்டால் தேர்தல் மேடையில் அதை எறிவதன் நோக்கமே விளங்காது. போதாக்குறைக்கு, ஒத்துழையாமை என்றதும் நம் மனம் 1920க்கும் காந்திக்கும் போய்விடுகிறது.

ஆகவே நான் ஏற்பது 'அடைக்கல நகரம்'. இது புதிய ஆக்கமும் அன்று. அறியாமல் கொலை செய்தவன் பழிவாங்குவோனுக்குத் தப்பி ஓடிச் சேரும் ஆறு ஊர்களைத் தமிழ் விவிலியம் நெடுங்காலமாக 'அடைக்கலப்பட்டணம்' என்றே சொல்லிவருகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 1985இல் தீர்மானத்திலும் 1989இல் சட்டத்திலும் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அந்த விவிலியத் தொடரேதான். தமிழ் ஆயத்தமாக இருந்தும் நாம் கைநீட்டி எடுக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் காதைக்கும் அடைக்கலம் என்றே பெயர். வீட்டுக்கூரையில் கூடு கட்டும் சிட்டுக்கும் அடைக்கலக்குருவி என்றொரு பெயருண்டு. (பறவை வேண்டுமென்பார் இதை வைத்துக்கொள்ளட்டும்.)

அந்நகரங்கள் தருவதைவிட அடைக்கலம் என்னும் சொல் மிகையாக வாக்களிக்கிறதே என்பார்கள். உண்மை, மூலச்சொல்லும் அவ்வாறே மிகையாக வாக்களிக்கிறது, தேர்தல் சண்டையெல்லாம் அந்த மிகையில்தான் நடக்கிறது. 2007இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்வுக்கான போட்டியில், நியூயார்க்கை அடைக்கல நகரமாக நடத்தியவர் என்று அந்நகரின் முன்னாள் மேயர் ரூடி ஜியூலியானியை மிட் ராம்னி சாடினார். குற்றச் செயல் ஐயம் போன்ற விலக்குகள் நீங்கலாக, குடிவரவாளர் பற்றிய தகவலை நகர ஊழியர் மத்திய அதிகாரிகளிடம் சொல்லக்கூடாது என்ற ஆணை, மேயர் எட் காச் 1989இல் பிறப்பித்தது. ஜியூலியானி அதைத் தொடர்ந்ததோடு, 1996இல் அத்தகைய தடைகளை விலக்கி மத்தியச் சட்டம் வந்தபோது நீதிமன்றம் சென்று தோற்றார். ராம்னியோ, மாசசூசெட்ஸ் ஆளுநர் பதவி முடியச் சில வாரங்களே இருந்த 2006 டிசம்பரில்தான் மாநிலக் காவலருக்குக் குடிவரவுக் கைது அதிகாரம் அளிக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்; அடுத்து வந்த ஆளுநர் அதை நீக்கிவிட்டார். 2007 நவம்பரில் நடந்த வேட்பாளர் விவாதத்தில், ராம்னி வீட்டுத் தோட்டத்தில் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின்வழி ஆவணமற்றோர் வேலை செய்ததைச் சுட்டி, அவரிடம் இருப்பது 'அடைக்கல மாளிகை' என்றார் ஜியூலியானி. இதைச் 'சரணாலய மாளிகை' என்று பெயர்த்துப் பாருங்கள். மான்கள் மேயும் பங்களாதான் கண்முன் நிற்கும்.

இத்தகைய செய்திகளில் வேட்பாளரின் 'ரெக்கார்ட்' என்பதைப் 'பதிவு' என்று எழுதுவதும் இதே சோம்பலின் பிள்ளை. பதவியில் இருந்தபோது அவர் செய்ததும் செய்யாது விட்டதுமே அங்கே பொருள். 'முன்செயல்பாடு' என்றால் போதும். நாட்டுக்குள் வருவதற்கு இலங்கையில் அரசுத் திணைக்களத்தின் பெயரிலேயே 'குடிவரவு' இருக்க, குடியேற்றத் திட்டங்களைக் குறிக்கும் 'குடியேற்றம்' என்பதையே எதற்கும் வழங்குவது இன்னொன்று. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்களுக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை.

செய்தியில் முதல்முறை வரும்போது, 'மத்தியக் குடிவரவு அதிகாரிகளுக்கு உதவ மறுக்கும் அடைக்கல நகரம்' என்று ஒரு தடவை விரித்து எழுதிவிட்டு, அதன்பின் 'அடைக்கல நகரம்' என்று மட்டும் எழுதலாம். கூடுதலாகச் செலவாவது ஐந்து சொற்கள்.